பெயர் தெரியாத முகம்

கார்த்திகை மழையில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பும்போதெல்லாம் டெலிவிஷன் நிருபர்கள் கரைமேல் வந்து நிற்பது நம் ஊர்க்காரர்களுக்குப் பழகிய காட்சி. 2015-ஆம் வருஷம் டிஸம்பர் மாதத்தில் விநாடிக்கு 29,000 கன அடி ஜலம் திறந்துவிடப்பட்டு, அடையாற்றங்கரைக் குடியிருப்புகள் மூழ்கினவல்லவா? அப்போது நனைந்த துணியும் கலங்கிய கண்ணுமாய் நின்ற எத்தனையோ பேருடைய முகங்கள் திரையில் தோன்றி மறைந்தன. அவர்களுடைய பெயர்களைக் கேட்டவர் யார்?

இப்படிக் கேளாமல் விட்ட ஒரு பெயருக்காக வருந்திய நிருபர் ஒருவர் இருந்தார். அவர் தமிழர்.

ஸ்ரீ ஜார்ஜ் அழகையா 1955-ல் கொழும்பு நகரில் பிறந்தார். தகப்பனார் என்ஜினீயர். மறு வருஷமே சிங்களம் ஒன்றுதான் ராஜாங்க பாஷை என்று சட்டம் பிறந்தது. 1958-ல் தமிழர் மீது பெருங் கலகம் மூண்டது. படித்த தமிழ்க் குடும்பங்கள் பல மூட்டை கட்டின. அழகையா குடும்பம் 1961-ல் புறப்பட்டுப் போனது சீமைக்கல்ல. நான்கு வருஷங்களுக்கு முன் சுதந்திரம் பெற்ற கானா தேசத்துக்கு! ஆப்பிரிக்க ஜனங்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொண்ட பூமியில் சிறுவன் வளர்ந்தான். பிறகு இங்கிலாந்தில் விடுதிப் பள்ளி, டர்ஹாம் சர்வகலாசாலை, பத்திரிகை வேலை, 1989-ல் பி.பி.சி. உத்தியோகம். நெல்ஸன் மண்டேலாவைப் பேட்டி கண்டதும், ருவாண்டாப் படுகொலைகளைப் பற்றிச் செய்தி அனுப்பியதும் பின்னால் நடந்தவை.

ஆனால் நாம் சொல்ல வந்தது ஸோமாலியா விஷயம். 1991-ஆம் வருஷக் கடைசி. உள்நாட்டு யுத்தமும் பஞ்சமும் சேர்ந்து அந்தத் தேசத்தை வாட்டிக்கொண்டிருந்தன. நேற்றுப் பிடித்த படத்தைவிடக் கோரமான படம் இன்று வேண்டுமே என்று நிருபர்கள் தேடி அலைந்ததை அழகையா ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இவ்வளவு தூரம் உண்மை சொல்லும் நிருபர்கள் அபூர்வம். ஒரு கிராமத்தில், பட்டினியால் இளைத்த ஒரு மனிதன் அவரை ஒரு கணம் பார்த்தான், புன்னகை செய்தான், குடிசை இருளுக்குள் மறைந்துவிட்டான். சாகும் நிலையில் எதற்காகச் சிரிப்பு? மொழிபெயர்ப்பாளரை அனுப்பி விசாரித்தார். இந்தக் கோலத்தில் அந்நியர் கண்ணில் பட்டுவிட்டோமே என்ற வெட்கந்தானாம்!

வீட்டில் அரிசி இல்லாத நாளில் விருந்தாளி வந்துவிட்டால் நம் ஜனங்கள் சிரிக்கும் சிரிப்பு எப்படியிருக்கும் என்று நேயர்கள் அறிவார்கள். அதே சிரிப்புத்தான் அது. பார்க்கிறவன் நிருபன், பார்க்கப்படுகிறவன் ஏழை என்ற ஏற்பாட்டை அந்த ஒரு புன்னகை தலைகீழாக்கிவிட்டது. அவன் பெயரைக் கேட்காமல் வந்துவிட்ட அழகையா, அவனுக்குத் தாம் கடன்பட்டிருப்பதாகவே 2001-ல் வெளியான தமது புஸ்தகத்தில் எழுதினார். அந்தப் பகுதி இப்போது ஆங்கிலப் பரீட்சைக்குப் பாடம். உபாத்தியாயர்களாகிய நாம் இதற்குச் சந்தோஷப்படுவதா, பிள்ளைகள் மனப்பாடம் செய்து தீர்த்துவிடுவார்களே என்று பயப்படுவதா, தெரியவில்லை.

2003 முதல் பி.பி.சி.யின் மாலை ஆறு மணிச் செய்தியை வாசித்தார். 2014-ல் புற்றுநோய் கண்டது. சிகிச்சைகளுக்கு நடுவிலும் வேலைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்த அவர், 2023 ஜூலை 24-ல், தமது 67-ஆம் வயதில் காலமானார்.

2004-ஆம் வருஷத்துச் சுனாமிக்குப் பிறகு ஒரு முறை இலங்கைக்குப் போயிருந்தார். எத்தனையோ பேருடைய இடிந்த வீடுகளைப் படம் பிடித்தவர், இந்தத் தடவை போய் நின்றது தம் பாட்டனார் வீட்டின் எதிரில். வீடு இடிபாடாய்க் கிடந்தது. சிறு வயதில் சகோதரிகளோடு விளையாடிய கிணறுதான் அடையாளம் தெரிந்தது.