இளைஞர் வாக்கு: எல்லோரும் பேசுகிறோம், யாரும் எண்ணவில்லை

2024 நவம்பர் 14ஆம் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐப் பெற்றது. விகிதாசார முறை வந்த பிறகு எந்தக் கட்சியும் அப்படித் தனித்து மூன்றில் இரண்டைத் தாண்டியதில்லை. 2020இல் அதே கட்சிக்குக் கிடைத்தவை 3 ஆசனங்கள்தான். யாழ்ப்பாணம் முதல் மாத்தறை வரை 22 தேர்தல் மாவட்டங்களில் மட்டக்களப்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அதன் திசைகாட்டிச் சின்னம் முதலிடம் பிடித்தது. அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், கல்முனை என்று நம் கரையோர ஊர்களை உள்ளடக்கிய திகாமடுல்ல (அம்பாறை) மாவட்டமும் அதற்கு விலக்கில்லை. இங்குள்ள 7 ஆசனங்களில் 4 அந்தக் கட்சிக்குப் போயின.

முடிவு வந்த நாள் முதல் ஒரே விளக்கம்தான் காதில் விழுகிறது: "எல்லாம் பொடியன்மார் செஞ்ச வேலை." பெருமையாகச் சொன்னவர்களும் உண்டு, ஆற்றாமையோடு சொன்னவர்களும் உண்டு. இந்த விளக்கத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அதை எண்களோடு உரசிப் பார்க்காமல் விட்டால், இளைஞர்களுக்குச் சேர வேண்டிய பாராட்டும் சேராது, அவர்கள் பெயரால் கேட்க வேண்டிய கேள்விகளும் கேட்கப்படாமலே போகும்.

வாக்களித்தோர் கூடவில்லை, குறைந்தார்கள்

முதலில் செப்டெம்பரைப் பார்ப்போம். 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திஸாநாயக்க 5,634,915 வாக்குகள் பெற்றார். அது 42.31 வீதம். 50 வீதத்தை எவரும் எட்டாததால், நாட்டின் ஜனாதிபதித் தேர்தல் வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம், மூன்றாம் விருப்புகள் எண்ணப்பட்டன. 2019இல் அவருக்குக் கிடைத்தது 3.16 வீதம் மட்டுமே.

நவம்பரில் அவருடைய தேசிய மக்கள் சக்தியின் வாக்கு 6,863,186 ஆகியது. 12 இலட்சத்துக்கு மேல் கூடிவிட்டது. ஆனால் அதே இரண்டு மாதத்தில் வாக்களிப்பு வீதம் 79.46இலிருந்து 68.93க்கு இறங்கியது. இடாப்பில் இருந்த 17,140,354 பேரில், செப்டெம்பரில் சாவடிக்குப் போன ஏறக்குறைய 18 இலட்சம் பேரின் இடம் நவம்பரில் வெறுமையாக இருந்தது. சஜித் பிரேமதாசவுக்குச் செப்டெம்பரில் விழுந்த 4,363,035 வாக்குகள், அவருடைய ஐக்கிய மக்கள் சக்திக்கு நவம்பரில் 1,968,716 ஆகச் சுருங்கின.

ஆகவே, புதிய வாக்காளர் வெள்ளம் சாவடிகளை நிரப்பி இந்த முடிவைத் தந்தது என்பது கணக்குக்கு ஒத்துவராது. ஒரு பக்கம் திசைகாட்டிக்குப் புதிய வாக்குகள் வந்தன. மறுபக்கம் பழைய கட்சிகளின் ஆதரவாளர்கள் வீட்டில் இருந்துவிட்டார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் 159.

இளைஞர்கள் எத்தனை பேர் வாக்களித்தார்கள்?

இந்தக் கேள்விக்கு உத்தியோகபூர்வமான பதில் கிடையாது. தேர்தல்கள் ஆணைக்குழு முடிவுகளை மாவட்டமாகவும் தொகுதியாகவும் வெளியிடுகிறது, வயதுவாரியாக வெளியிடுவதில்லை. நம்மிடம் இருப்பது மறைமுகமான சான்றுதான். 2019 ஜனாதிபதித் தேர்தலில் 15,992,096 ஆக இருந்த வாக்காளர் தொகை 2024இல் 11 இலட்சத்துக்கு மேல் கூடியிருந்தது. இந்தப் புதிய பெயர்களில் பெரும்பகுதி, இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் 18 வயதைத் தாண்டியவர்களுடையது. அவர்களில் எத்தனை பேர் வாக்களித்தார்கள், யாருக்கு வாக்களித்தார்கள் என்பதை அந்த எண் சொல்லாது.

நம் ஊர்களில் இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இலங்கையர் வெளிநாட்டில் இருந்தபடி வாக்களிக்கச் சட்டத்தில் வழியில்லை. 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் தொழிலுக்காக நாட்டை விட்டுப் போனார்கள். கட்டாரிலும் சவூதியிலும் துபாயிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் பலரின் பெயர் கிராம உத்தியோகத்தரின் பட்டியலில் இன்னும் இருக்கிறது. வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவனின் வாக்கு, அவன் வராததால் "வாக்களிக்காதவர்" கணக்கில் ஏறிவிடுகிறது. ஊரில் இளைஞர் வாக்களிப்பு குறைவு என்று குறைபடுவோர், ஊரில் இல்லாத இளைஞனையும் சேர்த்துத்தான் குறைபடுகிறார்கள்.

எண்ண முடியாத விடயமா இது? ஜேர்மனியில் 1953 முதல் மாதிரிச் சாவடிகளைத் தெரிவு செய்து, வாக்கின் இரகசியம் கெடாமல், வயதுப் பிரிவுவாரியாக யார் வாக்களித்தார்கள் என்ற புள்ளிவிபரத்தைத் தொகுக்கிறார்கள். நியூசிலாந்திலும் வயதுவாரியான வாக்களிப்பு வீதம் வெளியிடப்படுகிறது. நம் நாட்டில் சாவடியில் காட்டும் தேசிய அடையாள அட்டையின் இலக்கத்திலேயே பிறந்த ஆண்டு இருக்கிறது. வாக்களித்தவரின் பெயர் இடாப்பில் அடையாளமிடப்படுகிறது. யாருக்கு வாக்களித்தார் என்பதைத் தொடாமலே, எந்த வயதினர் வந்தார்கள், எந்த வயதினர் வரவில்லை என்பதைக் கணக்கிட இவ்வளவு போதும்.

கரையோரத்தின் கணக்கு வேறு

நாடு அநுரவைத் தெரிவு செய்த செப்டெம்பரில், திகாமடுல்ல சஜித்தைத்தான் முதலிடத்தில் வைத்தது. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸும் அகில இலங்கை மக்கள் காங்கிரஸும் அவரை ஆதரித்தன. சஜித்துக்கு மாவட்டத்தில் ஏறக்குறைய 2 இலட்சம் வாக்குகள், அநுரவுக்கு 1 இலட்சத்துச் சொச்சம். நவம்பரில் தேசிய மக்கள் சக்தி இங்கு 146,313 வாக்குகள் பெற்றது. செப்டெம்பரில் முதலிடம் பிடித்த ஐக்கிய மக்கள் சக்திக்கு நவம்பரில் இம்மாவட்டத்தில் ஓர் ஆசனம்கூட இல்லை.

கட்சி விசுவாசம் குடும்பச் சொத்துப் போலக் கைமாறி வந்த ஊர்கள் இவை. முஸ்லிம் காங்கிரஸின் மரத்துக்கு வாக்களிக்கும் வீடு, தேசிய காங்கிரஸின் குதிரைக்கு வாக்களிக்கும் வீடு என்று ஒழுங்கைக்கே அடையாளம் இருந்தது. அந்தப் பிடி தளர்ந்ததற்குக் காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

2018 பெப்ரவரியில் அம்பாறை நகரப் பள்ளிவாசல் தாக்கப்பட்டபோது இன்றைய புது வாக்காளர்கள் சிறுபிள்ளைகள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளையும், ஐந்து நாட்களில் சாய்ந்தமருதில் நடந்த சுற்றிவளைப்பையும் குண்டுவெடிப்பையும், அதற்குப் பிறகு சமூகம் முழுவதும் சுமந்த சந்தேகப் பார்வையையும் பாடசாலைச் சீருடையில் அனுபவித்தார்கள். கொவிட் காலத்தில் ஜனாசாக்கள் எரிக்கப்பட்டன. 276 முஸ்லிம்களின் உடல்கள் எரியூட்டப்பட்டதாக அரசே பின்னர் ஏற்றுக்கொண்டு, 2024 ஜூலையில் மன்னிப்புக் கோர முடிவெடுத்தது. அடக்க அனுமதி கிடைத்தது 2021 பெப்ரவரி இறுதியில்தான். அந்த எரிப்பு நடந்துகொண்டிருந்த நாட்களில், 2020 ஒக்டோபர் 22ஆம் திகதி, அன்றைய ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கிய 20ஆம் திருத்தத்துக்கு, எதிரணியில் நின்று வென்ற முஸ்லிம் உறுப்பினர்கள் பலர் கையுயர்த்தினார்கள். இந்த மாவட்டத்திலிருந்து போனவர்களும் அவர்களில் அடக்கம். இதை மறக்கச் சொல்லி ஓர் இளைஞனிடம் கேட்பது நியாயமில்லை.

2022இல் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றதும், காலி முகத்திடல் போராட்டத்தைக் கைத்தொலைபேசியில் நாள்தோறும் பார்த்ததும், ஜூலையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ நாட்டை விட்டு ஓடியதும் அந்தக் கோபத்தோடு சேர்ந்துகொண்டன. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1990களின் நடுப்பகுதியில் உருவானபோது, படித்த பிள்ளைகளுக்கு ஊரிலேயே ஓர் எதிர்காலம் தெரிந்தது. 2022க்குப் பிறகு பட்டம் முடித்தவர்கள் கடவுச்சீட்டு வரிசையில் நின்றார்கள். தலைவர்களுக்கும் தமக்கும் இடையே உள்ள தூரத்தை அவர்கள் அந்த வரிசையில் அளந்தார்கள்.

வாக்கு எப்படி ஆசனமாகிறது

கோபம் ஒன்று, ஆசனக் கணக்கு வேறொன்று. திகாமடுல்லவின் 7 ஆசனங்களில் ஒன்று, அதிக வாக்குப் பெற்ற கட்சிக்குப் போனஸாகப் போகிறது. 5 வீதத்துக்குக் குறைந்த கட்சிகளின் வாக்குகளைக் கழித்துவிட்டு, மிச்சத்தை வைத்து மற்ற 6 ஆசனங்களும் பகிரப்படுகின்றன. தேசிய மக்கள் சக்திக்கு போனஸோடு 4. இலங்கைத் தமிழரசுக் கட்சி, முஸ்லிம் காங்கிரஸ், மக்கள் காங்கிரஸ் ஆகிய மூன்றும் தலா 30 ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட வாக்குகளோடு ஒவ்வோர் ஆசனம் பெற்றன. அக்கரைப்பற்றைச் சேர்ந்த தேசிய காங்கிரஸ் தலைவர் ஏ.எல்.எம். அதாஉல்லா 2020இல் வென்ற ஆசனத்தை இழந்தார்.

சிதறினால் என்ன ஆகும் என்பதை 2020இல் அம்பாறைத் தமிழ் மக்கள் அனுபவித்தார்கள். தமிழரசுக் கட்சிக்கு 25,220 வாக்குகள், கருணாவின் கட்சிக்கு 29,379 வாக்குகள். கூட்டினால் 54 ஆயிரத்துக்கு மேல், கிடைத்த ஆசனம் பூச்சியம். அதே தேர்தலில் 38,911 வாக்குகளோடு தேசிய காங்கிரஸ் ஓர் ஆசனம் எடுத்தது. நான்கு ஆண்டுகள் இம்மாவட்டத் தமிழருக்கு, தாங்கள் வாக்களித்துத் தெரிவு செய்த ஓர் உறுப்பினர் பாராளுமன்றத்தில் இல்லை; தேசியப் பட்டியல் வழியாகத்தான் ஒருவர் போனார்.

விருப்பு வாக்கும் இதே அளவு முக்கியம். கட்சிக்கு ஒரு புள்ளடி, பட்டியலிலுள்ளோரில் மூவருக்கு விருப்பு என்பது விதி. கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதை முதலாவது தீர்மானிக்கிறது, அதில் யார் அமர்வார் என்பதை இரண்டாவது தீர்மானிக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்தில் முஸ்லிம்கள் 43 வீதத்துக்கு மேல், சிங்களவர் ஏறக்குறைய 39 வீதம், தமிழர் 17 வீதத்துக்குச் சற்று மேல். ஆனால் திசைகாட்டியில் வென்ற நால்வரும் சிங்களவர். கரையோரத்திலிருந்து ஆதம்பாவா தேசியப் பட்டியல் வழியாகத்தான் போனார். கட்சிக்குப் புள்ளடி போட்டுவிட்டு விருப்பு இலக்கத்தைக் கவனியாமல் விட்டால் விளைவு இப்படித்தான் வரும்.

ஆசனப் பகிர்வுக்கு மேலே சொன்ன 5 வீத எல்லை முன்பு 12.5 வீதமாக இருந்தது. அதைக் குறைக்க ரணசிங்க பிரேமதாசவை 1988இல் இணங்க வைத்தவர் முஸ்லிம் காங்கிரஸின் ஸ்தாபகத் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரஃப். அந்த ஆண்டு டிசெம்பரில் 15ஆம் திருத்தம் அதைச் சட்டமாக்கியது. 2020இல் அநுர குமார திஸாநாயக்க கொழும்பில் வென்றது, அவருடைய கட்சிக்கு அம்மாவட்டத்தில் 5 வீதத்துக்குச் சற்று மேல் வாக்குக் கிடைத்ததால்தான். பழைய எல்லை நீடித்திருந்தால் அந்த ஆசனம் இல்லை. கல்முனையில் வளர்ந்த ஒருவர் சிறுபான்மைக்காகத் திறந்த வாசல் நாட்டின் சிறு கட்சிகள் அனைத்துக்கும் பயன்பட்டது. இதை நம் பாடசாலைகளில் குடியியல் பாடமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மகிழ்ச்சியும் மனக்குறையும்

முடிவுக்குப் பிறகு கரையோரத்தில் எழுந்த முதல் மனக்குறை அமைச்சரவை பற்றியது. 2024 நவம்பர் 18ஆம் திகதி பதவியேற்ற அமைச்சர்களில் ஒரு முஸ்லிமும் இல்லை. பிரதி சபாநாயகராக ரிஸ்வி சாலிஹும், பிரதியமைச்சராக முனீர் முளப்பரும் பின்னர் பொறுப்பேற்றார்கள். இனம் பார்த்துப் பதவி கொடுப்பதில்லை என்பது அரசு தரப்பின் பதில். அந்தப் பதில் திசைகாட்டிக்கு வாக்களித்த முஸ்லிம் இளைஞர்களில் ஒரு பகுதியினருக்குப் பிடித்திருந்தது. இன்னொரு பகுதியினரோ, முஸ்லிம்கள் 43 வீதமுள்ள மாவட்டத்தின் காணி, வைத்தியசாலை, ஒலுவில் துறைமுகத்தால் வந்த கடலரிப்பு ஆகியவற்றை அமைச்சரவை மேசையில் யார் பேசுவார் என்று கேட்டார்கள். இரண்டும் அக்கறையிலிருந்து வந்த குரல்கள்தான்.

ஆறு மாதம் கழித்து, 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. நாடளாவிய ரீதியில் தேசிய மக்கள் சக்தியின் பங்கு 43.26 வீதமாகக் குறைந்தது. அக்கரைப்பற்று மாநகர சபையைத் தேசிய காங்கிரஸ் கைப்பற்ற, பாராளுமன்றத் தேர்தலில் தோற்ற அதாஉல்லா மேயரானார். அலை ஓய்ந்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. ஊழலுக்கு எதிராக நாட்டில் ஒரு தெரிவு, வடிகானுக்கும் வீதிக்கும் ஊரில் வேறொரு தெரிவு என்று பிரித்துப் பார்க்க வாக்காளன் கற்றுக்கொண்டிருக்கிறான். அப்படிப் பிரித்துப் பார்ப்பவனை எந்தக் கட்சியும் தன் பையில் இருப்பதாக நினைக்க முடியாது.

இனிக் கேட்க வேண்டியவை

கல்முனை மாநகர சபைக்கு அந்த மே மாதத்தில் வாக்கெடுப்பு நடக்கவில்லை, நீதிமன்றத் தடை இருந்தது. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பரில். 2017இல் அதன் காலம் முடிந்தது. 2012இல் 18 வயதாகாத ஒருவர் இன்று முப்பதைத் தொடும்போதும், தன் மாகாணத்தின் கல்வி, சுகாதாரம், வீதி பற்றி முடிவெடுக்கும் சபைக்கு ஒரு முறைகூட வாக்களித்ததில்லை. இளைஞர்கள் அரசியலில் அக்கறை காட்டுவதில்லை என்று சொல்வதற்கு முன், அவர்களுக்கு வாக்குச்சீட்டே கொடுக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

ஆகவே மூன்று கோரிக்கைகள். அடுத்த தேர்தலிலிருந்து வாக்களிப்பை வயதுவாரியாகத் தேர்தல்கள் ஆணைக்குழு வெளியிட வேண்டும். வெளிநாட்டில் உழைப்பவர்கள் வாக்களிக்கச் சட்டம் வர வேண்டும். மாகாண சபைத் தேர்தல் இனியும் தள்ளிப்போகக் கூடாது. இவற்றைக் கேட்பதற்கு எந்தக் கட்சியிலும் அங்கத்துவம் தேவையில்லை. இந்த ஊர்களின் இளைஞர் கழகங்களும் பள்ளிவாசல் நிருவாகங்களும் பல்கலைக்கழக மாணவர்களும் தங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் எழுத்தில் கேட்கலாம். 2024இல் நாட்டையே திருப்பிப் போட்டார்கள் என்று புகழப்படுகிறவர்களுக்கு, தாங்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ளும் உரிமையாவது இருக்க வேண்டும்.