கல்வராயன் மலைக்கு எந்த ஜீப் செட் ஆகும்? முன் ஆக்சிலில்தான் இருக்கு விஷயம்!

கள்ளக்குறிச்சியில் இருந்து கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலை வரை தார் ரோடு. சாதாரண காரே ஏறிவிடும். ஆனால் உள்ளே மண் பாதையில் இறங்கினால், மழைக்காலத்தில் ஃபோர் வீல் டிரைவ் வண்டியே திணறும். அங்கே முன் சக்கரங்கள் இணைக்கப்பட்ட விதம்தான் வித்தியாசம் காட்டும்.

சாலிட் ஆக்சில்
இரண்டு முன் சக்கரங்களும் ஒரே ஆக்சிலில். ஒன்று பாறைமேல் ஏறினால், மற்றது பள்ளத்தில் அழுந்தும், பிடிமானம் போகாது. நடுவில் உள்ள டிஃபரன்ஷியலும் தரையை நெருங்காது. மைனஸ்? ஒரு சக்கரம் வாங்கும் அடி மறுபக்கமும் குலுக்கும். மாருதி ஜிம்னியில் இருப்பது இதுதான்.

இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன்
2020-ல் வந்த மஹிந்திரா தாரில் ஒவ்வொரு முன் சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். குலுக்கல் குறைவு, வளைவில் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கும். ஆனால் ஸ்பிரிங் அமுங்கினால் வண்டியின் நடுப்பகுதியும் தாழும். பெரிய பள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் சும்மா சுற்றும். இதைச் சமாளிக்கத்தான் டிஃபரன்ஷியல் லாக், டிராக்‌ஷன் கன்ட்ரோல் எல்லாம்.

அப்போ எது பெஸ்ட்?
வீக் எண்ட் டிரிப், பெரும்பாலும் தார் ரோடு என்றால் இண்டிபெண்டன்ட் போதும். அடைமழையிலும் மலைக்கிராமத்தில் இருந்து நோயாளியைக் கீழே கொண்டுவர வேண்டிய வண்டி என்றால், குலுக்கலைப் பொறுத்துக்கொண்டு சாலிட் ஆக்சிலையே நம்பலாம்.