காலையில கை நடுங்குதா?

நாவலூர் பக்கம் வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனா "வீக்கெண்ட் மட்டும்தான் மச்சி"ங்கிற டயலாக் கண்டிப்பா காதுல விழும். ஆனா எத்தனை நாள் குடிக்கிறோம்ங்கிறது மட்டும் கணக்கு இல்ல. டாக்டர்கள் கேட்கிற நாலு கேள்வி இருக்கு. குறைக்கணும்னு தோணியிருக்கா? அதைப் பத்தி யாராவது பேசினா எரிச்சல் வருதா? குற்ற உணர்ச்சி இருக்கா? காலையில நடுக்கம் நிக்க ஒரு ரவுண்டு தேவைப்படுதா? ரெண்டுக்கு "ஆமா"ன்னா டாக்டரைப் பார்க்கணும். என்னைக் கேட்டா, கடைசிக் கேள்வி ஒண்ணே போதும்.

அந்த நடுக்கம் இருக்கிறவங்க "நாளையிலிருந்து தொடமாட்டேன்"னு ரூம்ல தனியா நிறுத்தக் கூடாது. தினமும் நிறைய குடிச்சுப் பழகின மூளை, திடீர்னு அது கிடைக்கலைன்னா தறிகெட்டு ஓடும். ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். அப்புறம் குழப்பம், இல்லாத உருவங்கள் தெரியிறது. உயிரே கூடப் போகலாம். டாக்டர் கண்காணிப்புல, மருந்தோடதான் நிறுத்தணும்.

எங்க போறது? இதே ஓ.எம்.ஆர்.ல வடக்கே போனா, அடையாறு இந்திரா நகர்ல டி.டி.கே. மருத்துவமனை. குடிநோயால கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல தொடங்கின அமைப்போடது. குடும்பத்துக்கும் அங்க கவுன்சலிங் உண்டு. முதல்ல போன்ல பேசிப் பார்க்கலாம்னா, டெலி மானஸ், 14416. இலவசம், தமிழ்லயே பேசலாம்.