தொட்டிக்குள் ஓசிப் பயணிகள்

போபோடி, புனேயில் முளா ஆற்றங்கரையில் இருக்கிறது. கடல், மலைக்கு அந்தப் பக்கம், சாலை வழியே நூறு கிலோமீட்டருக்கும் மேல். அங்கே அடுக்குமாடி வீட்டில் ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைப்பவர் ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் உப்பைக் கரைத்து, வெப்பத்தை 26 டிகிரியில் நிறுத்தி, கடலைக் கையால் செய்துகொள்கிறார். இத்தனை கட்டுப்பாட்டையும் மீறி, அவர் வாங்காத ஓர் உயிர் ஒருநாள் கல்லிடுக்கிலிருந்து எட்டிப் பார்க்கும். பவளத்தோடு வந்த கல்லின் துளையில் முட்டையாகவோ குஞ்சாகவோ நுழைந்த ஓசிப் பயணி அது.

இவற்றில் பேர்போனது ஐப்டேசியா என்ற கடல் சாமந்தி. டீ நிறத்தில் கண்ணாடித் தண்டு, உச்சியில் விரிந்த மெல்லிய கைகள். விரலளவுப் பனங்கன்று போல நிற்கும். தொடப் போனால் சட்டென்று கல்லுக்குள் சுருங்கிவிடும். பார்த்தவுடன் பிளேடால் சுரண்டத்தான் கை பரபரக்கும். அங்கேதான் அது ஜெயிக்கிறது. கல்லில் ஒட்டி நின்றுவிடும் பாதத் தசையின் துணுக்கு, வாயும் கைகளும் முளைத்த முழு உயிராகிவிடும். யாரும் சீண்டாவிட்டாலும், நகரும்போது பாதத்தின் ஓரத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டுப் போவது அதன் இனப்பெருக்க முறைகளில் ஒன்று. பிறகு, கொட்டிக் கொட்டியே பக்கத்துப் பவளத்தைப் பொசுக்கி இடம் பிடிக்கும்.

அதற்குச் சுண்ணாம்பு வைக்கலாம். வெற்றிலையில் தடவுகிறோமே, அதே கால்சியம் ஹைட்ராக்சைடு. ஆனால் கலப்பில்லாத சுத்தத் தூள் வேண்டும். பம்ப்பை நிறுத்தி, கூழாகக் குழைத்து, சிரிஞ்சால் அதன் வாய்மேல் மெல்ல வைத்தால் விழுங்கிவிடும். உள்ளே திசு வெந்துபோகும். ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒழிக்கப் போனால் தொட்டியின் பிஎச் எகிறி மீன்களும் போய்விடும்.

இன்னொரு வழி பெர்கியா. ஓடில்லாத இந்தக் கடல் நத்தைக்கு ஐப்டேசியாதான் சாப்பாடு. தின்னும்போது அதன் கொட்டும் உறுப்புகளைச் செரிக்காமல் தன் முதுகுத் தூவல்களுக்குக் கடத்தி, தன் ஆயுதமாக வைத்துக்கொள்கிறது! கடைசி ஐப்டேசியா தீர்ந்ததும் நத்தைக்குப் பட்டினிதான்.

வீட்டில் விரட்டப்படும் ஐப்டேசியாவுக்கு ஆய்வகத்தில் ராஜமரியாதை. பவளத்தைப் போலவே இதுவும் உடலுக்குள் பாசியைக் குடிவைத்திருக்கிறது; அந்தப் பாசி போனாலும், தீனி கிடைத்தால் பிழைத்துக்கொள்ளும். பாசியை இழந்து பவளங்கள் வெளிறுவது ஏன் என்று ஆராய இதைவிட வசதியான உயிர் கிடைப்பது அரிது. 2015இல் இதன் மரபணுத் தொகுதியையே படித்து வெளியிட்டார்கள். மன்னார் வளைகுடாப் பவளங்கள் 2010லும் 2016லும் வெளிறியதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆராய்ச்சியின் அருமை தெரியும்.

எல்லா ஓசிப் பயணியும் எதிரியல்ல. ராத்திரியில் டார்ச் அடித்தால் நெளியும் முட்புழு பெரும்பாலும் மிச்சத் தீனியைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் அப்பாவி. அது பெருகினால், நீங்கள் தீனியை அள்ளிப் போடுகிறீர்கள் என்று அர்த்தம். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள்; முள் விரலில் ஏறிவிடும். அதே புழு வகையில் பாபிட் என்றொரு ராட்சசனும் உண்டு. இங்கிலாந்தின் நியூகீ நகரக் காட்சியகத்தில் பவளங்கள் அறுபட்டு, மீன்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. 2009இல் கற்களைப் பிரித்துப் பார்த்தபோது நாலடி நீளப் புழு அகப்பட்டது.

ஆகவே, முதலில் ஆளை அடையாளம் பார்க்க வேண்டும், மருந்து அப்புறம். கல்லைக் கொதிக்கவைத்துவிடலாம் என்பது மிக ஆபத்தான யோசனை. சில சோவாந்திட் பவளங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கொதிநீர் ஊற்றி, அந்த ஆவியைச் சுவாசித்து மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

நம் கடலிலிருந்து பவளக் கல்லைப் பெயர்த்து வருவதும் ஆகாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இலேயே பவளங்கள் சேர்ந்துவிட்டன. செயற்கை உலர்கல்லில் தொட்டியைத் தொடங்கினால் அந்தச் சட்டச் சிக்கலும் இல்லை, பாதி ஓசிப் பயணிகளும் இல்லை. புதுப் பவளத்தைத் தனித் தொட்டியில் சில வாரங்கள் வைத்துப் பார்ப்பது மீதிப் பாதிக்கு.

தொட்டியில் பிடித்த ஓசிப் பயணிகளைப் போபோடியில் சாக்கடையில் கொட்டினால் நன்னீரில் செத்துவிடும். கடலோரத்தில் அப்படியில்லை. மண்டபம் பக்கம் வணிகத்துக்காக வளர்த்த கப்பாஃபைகஸ் கடற்பாசி, குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதுவும் பிய்ந்த துண்டிலிருந்து முளைக்கும் ரகம். சென்னையிலோ தூத்துக்குடியிலோ ராமேஸ்வரத்திலோ தொட்டி வைத்திருப்பவர்கள், பிடித்த எதையும் தயவுசெய்து கடலில் விடாதீர்கள்.