உங்களுக்குத் தெரியுமா? வயது ஏறிய பாட்டுகள்

★ ‘இமோ’ என்னும் இசைவகை 1980களின் நடுவில் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் முளைத்தது. பங்க் ராக்கின் ஆவேசத்தோடு, இளவட்டங்கள் மனதுக்குள் பூட்டிவைத்திருந்த தனிமையையும் காதல் தோல்வியையும் சேர்த்துப் பாடினார்கள். ‘ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்’ குழுவின் 1985ஆம் ஆண்டு இசைத்தொகுப்பை இதற்கு முன்னோடி என்பார்கள்.

★ ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ என்பது ஓர் இமோ குழுவின் பெயர். இலினொய் மாநிலத்தின் அர்பானாவில் படித்துக்கொண்டிருந்த மைக் கின்செல்லா, ஸ்டீவ் ஹோம்ஸ், ஸ்டீவ் லாமோஸ் ஆகிய மூவரும் 1999இல் ஒரே ஒரு முழுத்தொகுப்பை வெளியிட்டுவிட்டு, வேலை, குடும்பம் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அவர்கள் போனாலும் பாட்டு நிற்கவில்லை. கேட்டவர் கேட்காதவருக்குச் சொல்லி, உலகெங்கும் பரவியது. 2014இல் மறுபடி மேடையேறினார்கள். 2016இல் இரண்டாவது தொகுப்பு வந்தது. டிரம்ஸும் டிரம்பெட்டும் வாசித்த லாமோஸ் அதற்குள் பேராசிரியர் ஆகியிருந்தார்.

★ முதல் தொகுப்பின் அட்டையில் அர்பானாவில் ஒரு வீடு, வெளியிலிருந்து எடுத்த படம். இரண்டாவதில் அதே வீட்டின் உட்புறம். 2023இல் அந்த வீட்டையே குழுவினரும் அவர்களுடைய இசை நிறுவனமும் நண்பர்களும் சேர்ந்து விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார்கள்.

★ 2019இல் வந்த மூன்றாவது தொகுப்பில், ‘பரமோர்’ குழுவின் ஹெய்லி வில்லியம்ஸும் சேர்ந்து பாடிய ஒரு பாட்டு உண்டு. அப்பனைக் குறை சொல்லி வளர்ந்த பையன் தானே அப்பனாகி, கையில் குடியோடு நிற்கும் கதை அது. நம் லயங்களில் எத்தனையோ வீடுகளுக்குத் தெரிந்த கதைதான். இருபது வயதில் அதை எழுதியிருக்கவே முடியாது.

★ இந்தியாவிலும் இப்படி நடந்தது. மும்பையின் ‘இண்டஸ் கிரீட்’ ராக் குழு 1995இல் ஒரு தொகுப்பு தந்து, பிறகு கலைந்து, 2010இல் கூடி, 2012இல் ‘இவால்வ்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. இதற்கும் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ குழுவுக்கும் இரு தொகுப்புகளுக்கு இடையிலான இடைவெளி ஒன்றே: 17 ஆண்டுகள்.

★ பாட்டு மட்டுமல்ல, ஊரும் இப்படித் திரும்பி வருவதுண்டு. நம் மலையகத்தில் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் 1960களின் இறுதியில் தண்ணீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயிலின் கட்டடங்கள் தலைகாட்டும். அங்கே பிறந்தவர்கள் பிள்ளை குட்டிகளோடு இறங்கிப் போய், கடை இருந்த இடம் இது, பாதை போன இடம் அது என்று காட்டுவார்கள்.

★ மலையகத்துக் காமன் கூத்துக்காரர்கள் ஆண்டுதோறும் மாசியில் கூடிக் கலையும் குழு. கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்யும் பையன்கள் இந்தக் கூத்துக்காகவும் லீவு போட்டுத் தோட்டத்துக்கு வருவார்கள். சிவனின் நெற்றிக்கண்ணில் காமனாகிய மதன் எரிந்ததும் அவன் மனைவி ரதி ஒப்பாரி வைப்பாள். ரதி வேஷம் கட்டும் பையனுக்கு, சேலை நழுவாமல், அடி மறக்காமல் பாடி முடித்தால் போதும் என்றிருக்கும். அதே ஆள் நாற்பதைத் தாண்டி, தன் வீட்டிலும் ஒரு சாவைப் பார்த்தபின், தப்புக்காரர் பக்கத்தில் நின்று பின்பாட்டுப் பாடுவதைக் கேளுங்கள். சொல் ஒன்றும் மாறியிருக்காது. ஆனால் சுற்றி நிற்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். அர்பானாக்காரர்கள் 17 ஆண்டு காத்திருந்து கண்டதை நம் கூத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள் என்பதே என் எண்ணம்.

★ தோட்டத்துப் பாட்டுகளைத் தேடித் தொகுத்து நூலாக்கியவர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984). தலவாக்கலை தொகுதியிலிருந்து 1947இல் இலங்கையின் முதல் பாராளுமன்றத்துக்குப் போனவரும் அவரே. அவர் எழுத்தில் காத்தவற்றைக் குரலிலும் காக்க இன்று எல்லார் கையிலும் போன் இருக்கிறது. வருகிற மாசியில் உங்கள் தோட்டத்துக் கூத்து வாத்தியாரை உட்காரவைத்து, முழுப் பாட்டையும் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், தோட்டம், டிவிசன், ஆண்டு நான்கையும் மறக்காமல் அதிலேயே சொல்லிவையுங்கள்.