ஏரிக்கு ஏற்ற படகு

பொன் விளைந்த கோலார் தங்கவயலுக்குத் தண்ணீர் தந்தது பாலாறு. நந்தி மலைப் பகுதியில் தோன்றி, கோலார் மாவட்டத்தைக் கடந்து தமிழகம் நோக்கிச் செல்லும் அந்த ஆற்றின் நீரைத் தேக்கி நிற்பது பேத்தமங்கலா ஏரி. சுரங்கங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் வேண்டிய நீர் அங்கிருந்தே குழாய்வழி வந்தது. சுரங்க அதிகாரிகள் ஓய்வு நாட்களில் படகு விட்டு மகிழ்ந்ததும் அந்த ஏரியில்தான்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கப் பணி நிறுத்தப்பட்டது. இன்று தங்கவயல்வாசிகள் பலர் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர். அவர்களுக்கு எஞ்சுவது ஞாயிறு ஒன்றே. அந்த ஒரு நாளில் தூண்டிலுடன் ஒரு சிறு படகில் அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும் என்ற ஆசை இயல்பானது. அந்த ஆசையை வீண் செலவின்றியும் ஆபத்தின்றியும் நிறைவேற்றிக்கொள்ளும் வழியை இங்குக் காண்போம். அடிப்படை விதி ஒன்றே: படகை நம் ஆசை தேர்ந்தெடுக்கக் கூடாது, ஏரி தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் நீரைப் பார்ப்போம்

கோலார் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஏரிகள் மழையை நம்பியே இருக்கின்றன. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்டது. மழை பொய்த்த ஆண்டுகளிலோ அதே ஆறு வெறும் மணற்பரப்பு. ஏரி நிரம்பியதைக் கண்டு உடனே படகு வாங்குபவர், அடுத்த கோடையில் அதைக் கொல்லைப்புறத்தில் கவிழ்த்து வைக்க நேரிடும்.

ஆகவே ஓராண்டு பொறுத்திருப்பது நல்லது. மழைக்கு முன்னும் பின்னும் ஏரியைச் சென்று பார்ப்போம். கோடையில் நீர் எதுவரை இறங்குகிறது, எங்கே சேறு, எங்கே பாறை, கரைக்கு வண்டி செல்லுமா எனக் குறித்துக்கொள்வோம். அதே ஓராண்டுக்கு வங்கியில் ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கினால், ஏரியின் இயல்பு விளங்கும் வேளையில் படகுக்கான பணமும் சேர்ந்திருக்கும். பொழுதுபோக்குக்காகக் கடன் வாங்குவதைவிட இது மேலானது.

நீர் இருந்தால் மட்டும் போதாது, அனுமதியும் வேண்டும். பல ஏரிகளில் மீன்பிடி உரிமை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குத்தகைக்கு விடப்படுகிறது. குடிநீர் ஏரியாயின் கட்டுப்பாடுகள் கூடுதலாக இருக்கும். மீன்வளத்துறையிடமும் ஏரியைப் பராமரிக்கும் அலுவலகத்திடமும் கேட்டறிந்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும். குத்தகைதாரர் வளர்க்கும் கட்லாவும் ரோகுவும் அவருடைய வாழ்வாதாரம் என்பதை மறக்கலாகாது.

எந்தப் படகு?

நமக்கு நன்கு அறிமுகமானது பரிசல். மூங்கில் பின்னலில் தார் பூசிய அந்த வட்டக் கலம் ஆழமற்ற நீரிலும் மிதக்கும். ஒருவரே தலையில் கவிழ்த்துச் சுமக்கலாம். ஆனால் பழகாதவர் கையில் அது சுழன்றுகொண்டே இருக்கும்; காற்றும் எளிதில் இழுத்துச் செல்லும்.

காற்றடைத்த ரப்பர் படகை மடித்துக் காரில் எடுத்துச் செல்லலாம். முள்ளும் கூர்ங்கல்லும் அதன் பகை. ஏரிக்கரைக் கருவேல முள் ஒன்றே அதற்குப் போதும்.

அமைதியான ஏரியில் தூண்டில் போட ஏற்றது, தட்டையான அடிப்பாகம் கொண்ட 10 முதல் 12 அடி நீளமுள்ள கண்ணாடியிழைப் படகு. அதிகம் ஆடாது, சிறிதளவு நீரிலும் செல்லும். தச்சரிடம் மரப்படகு செய்யச் சொல்பவர்கள், ஐ.எஸ். 710 தர முத்திரை உள்ள கடல்சார் பிளைவுட்டையே கேட்க வேண்டும். சாதாரண பலகை சில பருவங்களில் உப்பிப் பிரிந்துவிடும்.

எத்தனை பேர் ஏறலாம்? நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கில் பெருக்கி 15ஆல் வகுப்பது எளிய கணக்கு. 12 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள படகு மூவரைத் தாங்கும். தூண்டில், பெட்டி, நங்கூரம் ஆகியவற்றையும் சேர்த்தால் இருவரே வசதி.

பொருத்த வேண்டியவை

சிறு ஏரிக்குத் துடுப்பே போதும். இயந்திரம் தேவையெனில், குடிநீரில் எண்ணெய் கசியும் பெட்ரோல் இயந்திரத்தைத் தவிர்த்து, 12 வோல்ட் பேட்டரியில் இயங்கும் மின் மோட்டாரை நாடலாம். பெரிய பேட்டரி 30 கிலோ வரை எடையுள்ளது. அதைப் படகின் நடுவில் தாழ்வாக வைக்க வேண்டும். இயந்திரம் பொருத்திய கலங்களுக்கு 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு முதலிய கடமைகள் உண்டு என்பதையும் கணக்கில் கொள்வோம்.

இருக்கைகளின் அடியில் நுரைக் கட்டிகளை அடைத்துவிட்டால், நீர் புகுந்தாலும் படகு மூழ்காது. நங்கூரக் கயிறு நீரின் ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு நீளம் இருக்கட்டும்; அதைப் படகின் முன்முனையில் கட்ட வேண்டும். நீர் இறைக்க ஒரு சிறு வாளி, ஒரு விசில், ஒரு மிகைத் துடுப்பு ஆகியவையும் வேண்டும்.

உயிர் முதலில்

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். பெரிய படகே நிலையிழக்குமெனில், சிறு படகில் இருவர் ஒருசேர எழுந்து ஒரே பக்கம் சாய்வது எத்தகைய ஆபத்து! மீன் சிக்கினாலும் அமர்ந்தபடியே இழுக்க வேண்டும். உயிர்காப்பு அங்கியைப் படகில் கிடத்தாமல் உடலில் அணிய வேண்டும். நீச்சல் அறிந்தவருக்கும் இது பொருந்தும். படகு கவிழ்ந்தால் கரைக்கு நீந்த முயலாமல், அதையே பற்றிக்கொண்டிருப்பது நலம். முதல் இடியொலி கேட்டதும் கரை சேர்ந்துவிடுவோம். புறப்படும்போது காற்றை எதிர்த்துச் சென்றால், களைத்துத் திரும்பும் வேளையில் காற்றே துணைநிற்கும்.

18 முதல் 70 வயதுக்குட்பட்ட கணக்குதாரர்கள் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தி, 2 லட்சம் ரூபாய் வரை விபத்துக் காப்பீடு பெறலாம். படகு வாங்காதவர்க்கும் இது வேண்டியதே.

பகிர்ந்தால் பெருகும்

ஞாயிறுதோறும் ஒருவரே ஏரிக்குச் செல்வது அரிது. நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு படகு வாங்கினால் விலையும் பராமரிப்பும் நான்கில் ஒரு பங்காகும். செலவு, முறை, பழுது, விலகுபவரின் பங்கு ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டால் நட்பும் நிலைக்கும்.

விடியற்காலையில் விராலோ ஜிலேபிக் கெண்டையோ சிக்கலாம். ஒன்றும் சிக்காமலும் போகலாம். சிறு மீன்களை மீண்டும் நீரில் விட்டுவிடுவோம். வாரம் முழுவதும் ரயில் நேரத்தைத் துரத்தியவர்க்கு, கடிகாரம் பாராத இரண்டு மணி நேரமே பெரிய ஆதாயம்.