தற்காப்புக் கலை வகுப்பா? கடைசி வரிசையைப் பாருங்கள்!

லீவு விட்டால் போதும், தெருமுனையெல்லாம் கராத்தே, சிலம்பம், டேக்வாண்டோ பேனர்கள் முளைத்துவிடும். எதில் சேர்ப்பது என்று பெற்றோர் குழம்புவார்கள். அதைவிட, யாரிடம் சேர்ப்பது என்று யோசிப்பதுதான் நல்லது.

கலைக்குக் கலை குணம் வேறுதான். டேக்வாண்டோவில் உதைக்கே முதலிடம். ஜூடோவில் அடி, உதை கிடையாது. பிடித்து வீழ்த்த வேண்டும். மற்றவர் மேலே விழுந்து பிடிக்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு, தனியாகவே செய்து பழகும் கராத்தே 'கட்டா' ஒத்துவரும். செலவு குறைவு என்றால் சிலம்பம்தான்; நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பு போதும். ஒலிம்பிக் கனவு இருக்கிறதா? ஜூடோவும் டேக்வாண்டோவும் அங்கே உண்டு. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இருந்த கராத்தே, 2024 பாரிஸில் இல்லை.

பணம் கட்டும் முன் ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். முன்வரிசையில் பறந்து பறந்து உதைக்கும் பிள்ளைகளை விடுங்கள். கடைசி வரிசையில் தடுமாறும் குண்டுப் பையனிடம் மாஸ்டர் போகிறாரா? பொறுமையாகச் சொல்லித் தருகிறாரா, கிண்டல் செய்கிறாரா? நாளை உங்கள் பிள்ளை நிற்கப்போவதும் அந்த வரிசையில்தான்.

ஜூடோ என்றால் முதலில் அடிபடாமல் விழக் கற்றுத்தர வேண்டும், அதுவும் மெத்தை விரிப்பில். சிலம்பம் என்றால் காலடி வரிசை பழகிய பிறகே கம்புச் சண்டை. வந்த அன்றே மோத விடும் இடம் வேண்டாம்.

கை காலைத் திருத்தத் தொட வேண்டியிருக்கும். சொல்லிவிட்டுத் தொடுகிறாரா என்று கவனியுங்கள். 'பெற்றோர் உள்ளே வரக் கூடாது' என்றால் மறுபேச்சில்லாமல் கிளம்பிவிடலாம். எவ்வளவு கப் வாங்கிய மாஸ்டராக இருந்தாலும் சரி!

அடுத்தது பெல்ட். மாதக் கட்டணம் குறைவாகத்தான் இருக்கும். பெல்ட் தேர்வு, யூனிஃபார்ம், போட்டி என்று பின்னால் வருவதுதான் பர்ஸைக் காலி செய்யும். வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேளுங்கள். 'ஒரே வருஷத்தில் பிளாக் பெல்ட்' என்கிறார்களா? பெல்ட் கிடைக்கும், கலை வராது.

அம்மாக்களும் சேரலாம். முட்டிவலி, முதுகுவலி இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு, மாஸ்டரிடமும் சொல்லிவிட வேண்டும்.

மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். கிளம்பும் நேரத்தில் தினமும் வயிற்றுவலி என்று பிள்ளை படுத்தால், அதட்டி அனுப்பாமல் அங்கே என்ன நடக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.